எண்ணெய் எடுப்பவர் வேறு, கிணற்றைப் பார்ப்பவர் வேறு

பெட்ரோல் பங்க் பலகையில் பெயர் இருக்கிற கம்பெனிதான் பூமியைத் துளைத்து எண்ணெய் எடுக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. ஷெல், பிபி போன்ற கம்பெனிகள் உரிமம் வாங்குகின்றன, பணம் போடுகின்றன, எங்கே எவ்வளவு ஆழம் போவது என்று முடிவு செய்கின்றன. கிணற்றடியில் கைவைத்து வேலை செய்பவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வந்தவர்கள். துளையிடும் மேடையான ரிக் ஒருவரிடமிருந்து தினவாடகைக்கு வரும். பாறையைக் கடிக்கும் டிரில் பிட் இன்னொருவருடையது. துளைக்குள் சுற்றவிடும் சேற்றைக் கலப்பவர், இரும்புக் குழாயைச் சுற்றிச் சிமெண்ட் இறக்குபவர், அடியில் என்ன இருக்கிறது என்று அளந்து சொல்பவர் எல்லோருமே வேறு வேறு ஆட்கள்.

இந்தக் கூலி உலகத்தின் பெரிய தலைகள் மூன்று: எஸ்எல்பி (2022 வரை ஷ்லம்பர்ஜர்), ஹாலிபர்ட்டன், பேக்கர் ஹியூஸ். 2023-ல் இந்த மூன்றின் வருவாயைக் கூட்டினால் 8,000 கோடி டாலரைத் தாண்டும். கிணற்றில் எண்ணெய் வந்தாலும் சரி, வெறும் உப்புத் தண்ணீர் வந்தாலும் சரி, இவர்களுடைய பில்லுக்குப் பணம் வந்தாக வேண்டும்.

மூன்றில் முதல் கம்பெனியின் கதை எண்ணெயில் தொடங்கவில்லை. கொன்ராட் ஷ்லம்பர்ஜர் பாரிஸ் சுரங்கக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். மண்ணுக்குள் மின்சாரத்தைச் செலுத்தி, அது எப்படிப் பரவுகிறது என்று அளந்தால் உள்ளே என்ன பாறை, என்ன கனிமம் என்று கண்டுபிடிக்கலாம் என்பது அவர் எண்ணம். செம்புத் தொட்டியில் மணலைக் கொட்டிச் சோதித்துப் பார்த்தார். பிறகு 1912-ல் நார்மண்டி நிலத்தில் கம்பிகளை ஊன்றி அளந்தார். தம்பி மார்செல் பொறியாளர். பணம் தந்தது அப்பா. ஆராய்ச்சிக்கு 5 லட்சம் பிராங்க் தருவதாக 1919-ல் எழுதியே கொடுத்தார்.

மேலிருந்து அளந்ததைத் துளைக்குள்ளேயே இறக்கி அளந்தால் என்ன? கொன்ராடின் மருமகன் ஹென்றி டால் 1927 செப்டம்பர் 5 அன்று அல்சாஸ் மாகாணத்தில் பெஷல்புரோன் எண்ணெய் வயலில் அதைச் செய்து பார்த்தார். பேக்கலைட் குழாய்களை இணைத்து ஒரு கருவி. நேராகத் தொங்குவதற்கு அடியில் ஈய எடை. ஒவ்வொரு மீட்டராக நிறுத்தி, மின்தடையை அளந்து, நோட்டில் எழுதி, பின்னர் வரைபடமாகப் போட்டார்கள். உலகின் முதல் மின் லாக் (துளைக்குள் எடுத்த அளவுப் பதிவு) அதுதான். ஓரிரு ஆண்டுகளுக்குள் வெனிசுவேலா, அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் என்று இந்தச் சிறு குழு போய்விட்டது.

அடிப்படை எளியது. நிலத்தடியில் மணற்பாறையின் நுண்துளைகளில் பெரும்பாலும் இருப்பது உப்பு நீர். உப்பு நீரில் மின்சாரம் ஓடும். எண்ணெயிலும் எரிவாயுவிலும் ஓடாது. ஆகவே ஒரே மணற்பாறையில் மின்தடை திடீரென ஏறினால் அங்கே உப்பு நீர் அல்லாத ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு எண்ணெய், எவ்வளவு நீர் என்று கணக்கிடுவதற்கான சூத்திரத்தை ஷெல் கம்பெனியில் இருந்த ஆர்ச்சி 1942-ல் வெளியிட்டார். திருத்தங்களோடு இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

இன்றைய லாகிங் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கேபிள். சுற்றிலும் இரண்டு அடுக்கு இரும்புக் கவசம், உள்ளே ஏழு மின்கம்பிகள். வண்டியின் பின்புறப் பெரிய உருளையில் கிலோமீட்டர் கணக்கில் சுற்றிக் கிடக்கும். நுனியில் கைப்பிடிக்குள் அடங்காத பருமனில், ஒன்றோடொன்று திருகி மாட்டிய எஃகுக் குழாய்க் கருவிகள். துளையிடும் குழாய் முழுவதையும் துண்டு துண்டாக மேலே உருவி அடுக்கிய பிறகுதான் கருவியை இறக்க முடியும். ஆழமான கிணறு என்றால் அதற்கே பல மணி நேரம் போய்விடும். கருவி அடி வரை போகும். அளவு எடுப்பது பெரும்பாலும் மேலே இழுக்கும்போதுதான். அப்போதுதான் கேபிள் விறைப்பாக இருக்கும், ஆழக் கணக்கு பிசகாது. திரையில் கோடுகள் ஈசிஜி போல ஓடும். காமா கதிர் குறைந்தால் மணற்பாறை, கூடினால் களிப்பாறை. களியில் பொட்டாசியம், தோரியம், யுரேனியம் போன்றவை அதிகம் என்பதே காரணம்.

நியூட்ரானை ஏவிப் பாறையின் துளைகளை அளக்கும் கருவியும் உண்டு. அந்த முறையை ஓக்லஹோமாவில் உருவாக்கியவர்களில் ஒருவர் இத்தாலிய இயற்பியலாளர் புரூனோ பொண்டெகோர்வோ. இவர் 1950-ல் குடும்பத்தோடு சோவியத் ஒன்றியத்துக்குப் போய்விட்டது தனிக் கதை. இத்தகைய கருவிகளுக்குள் கதிரியக்கப் பொருள் இருக்கிறது. துளையில் சிக்கி மீட்க முடியாமல் போனால், அதன் மேல் சிமெண்ட் ஊற்றிப் புதைத்து, மேலே எச்சரிக்கைப் பலகை பதித்துவிட வேண்டும் என்பது அமெரிக்க விதி.

இப்போது துளையிடும்போதே பிட்டுக்குச் சற்று மேலே கருவியைப் பொருத்தி அளக்கவும் முடிகிறது. அங்கே கேபிள் கிடையாது. சேற்றில் அழுத்தத் துடிப்புகளை உண்டாக்கி, அவற்றின் வழியே தகவலை மேலே அனுப்புகிறார்கள்.

மற்ற இரண்டு கம்பெனிகளின் பூர்வீகம் இவ்வளவு கல்லூரி வாசனை உள்ளது அல்ல. ஹோவர்ட் ஹியூஸ் 1909-ல் சுழலும் பற்கூம்புகள் கொண்ட டிரில் பிட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதை விற்காமல் வாடகைக்கு விட்டதுதான் அவருடைய சாமர்த்தியம். அந்த வாடகைப் பணத்தில்தான் அவருடைய மகன் சினிமா எடுத்தார், விமானம் கட்டினார். எர்ல் ஹாலிபர்ட்டன் 1919-ல் ஓக்லஹோமாவில் கிணற்றுக்குச் சிமெண்ட் போடும் தொழிலைத் தொடங்கினார். குழாய்க்கும் பாறைக்கும் இடையிலான சந்தில் சிமெண்ட் சரியாக நிரம்பினால் நீரும் வாயுவும் இடம் மாறாது. நிரம்பாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் 2010-ல் தொலைக்காட்சியில் பார்த்தது.

மெக்சிகோ வளைகுடாவில் மகாண்டோ என்ற கிணறு. உரிமையாளர் பிபி. ரிக் டிரான்ஸ்ஓஷனுடையது, பெயர் டீப்வாட்டர் ஹொரைசன். சிமெண்ட் ஹாலிபர்ட்டன். குழாய் துளையின் நடுவில் நிற்க 21 தாங்கு வளையங்கள் வேண்டும் என்று ஹாலிபர்ட்டன் கணக்குப் போட்டது. பிபி போட்டது 6. சிமெண்ட் பிடித்திருக்கிறதா என்று ஒலியலையால் பார்க்கும் லாக் எடுக்க ஷ்லம்பர்ஜர் ஆட்கள் ரிக்குக்கே வந்து காத்திருந்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றக் குழு வெளியிட்ட கணக்குப்படி அந்த லாகுக்குச் செலவு சுமார் 1,28,000 டாலர், நேரம் 9 முதல் 12 மணி. வேண்டாம் என்று அனுப்பினால் 10,000 டாலர். இறக்கிய திரவம் இழப்பில்லாமல் திரும்பியது, எனவே லாக் தேவையில்லை என்று பிபி முடிவு செய்தது. ஏப்ரல் 20 காலையில் ஷ்லம்பர்ஜர் ஆட்கள் ஹெலிகாப்டரில் கிளம்பிப் போனார்கள். அன்று இரவே ரிக் வெடித்தது. 11 பேர் செத்தார்கள். 87 நாள் எண்ணெய் கடலில் கொட்டியது. பிபிக்கு ஆன மொத்தச் செலவு 6,500 கோடி டாலரைத் தாண்டியது.

ஹாலிபர்ட்டனும் நிரபராதி அல்ல. அந்தச் சிமெண்ட் கலவை நிலையற்றது என்று அதன் சொந்தச் சோதனைகளே காட்டியிருந்தன. விபத்துக்குப் பின் செய்த கணினிக் கணிப்புகளை அழித்த குற்றத்தை 2013-ல் ஒப்புக்கொண்டது. செனட் விசாரணையில் பிபி, டிரான்ஸ்ஓஷன், ஹாலிபர்ட்டன் மூன்றும் ஒருவரையொருவர் கைகாட்டியதில் தெரிந்தது இந்தத் தொழிலின் உண்மையான பலவீனம். வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம், பொறுப்பும் கூடவே பிரிந்துபோய்விடுகிறது. இதைப் பார்த்தால், நம் காவிரிப் படுகையில் நரிமணம், கதிராமங்கலம் பகுதி மக்கள் எண்ணெய்க் கிணறுகளைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. 2020-ல் தமிழக அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்து, புதிய கிணறுகளுக்குத் தடை போட்டது.

இந்தத் தொழில் தொடும் இடங்கள் விசித்திரமானவை. இறுகிய பாறைக்குள் அழுத்தத்தோடு நீரையும் மணலையும் செலுத்தி விரிசல் உண்டாக்கி எண்ணெய் எடுக்கும் முறையில், மணலைத் தாங்கிச் செல்ல நீர் கொழகொழப்பாக இருக்க வேண்டும். அதற்குச் சேர்ப்பது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பிசின். நம் வீட்டில் பொரியலும் வத்தலும் ஆகிற அதே கொத்தவரைதான். உலக விளைச்சலில் சுமார் 80 சதவீதம் இந்தியாவில், அதிலும் பெரும்பங்கு ராஜஸ்தானில். அமெரிக்காவில் ஷேல் எண்ணெய் வேட்டை சூடுபிடித்தபோது விதையின் விலை பல மடங்கு எகிறியது. அமெரிக்காவுக்குப் போகும் இந்திய வேளாண் பொருட்களில் பிசின் முதலிடத்துக்கு வந்தது. விலை கட்டுக்கடங்காமல் போனதால் 2012 மார்ச்சில் முன்பேர வணிகத்தையே நிறுத்தினார்கள். ஹாலிபர்ட்டனின் லாபத்தை அந்த ஆண்டு கடித்தது ஜோத்பூர்க் கொத்தவரைச் சந்தை. பிறகு விலை இறங்கியபோது, ஆசையில் நிலம் முழுக்கக் கொத்தவரை போட்ட விவசாயிதான் மாட்டிக்கொண்டார்.

ஏற்ற இறக்கம் இங்கே யாரையும் விடாது. கொரோனா ஆண்டில் அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. அந்த ஜூலையில் ஷ்லம்பர்ஜர் 21,000-க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. எண்ணெய் வைத்திருக்கும் நாட்டைவிட அதை எடுக்கத் தெரிந்தவர் கை ஓங்கியது என்பதற்கும் சான்று உண்டு. ரஷ்யாவுக்கு எண்ணெய்க் கிணற்றுச் சேவை வழங்கவே அமெரிக்கா 2025 பிப்ரவரி 27 முதல் தடை விதித்தது.

தமிழக வாசகருக்கு இதில் நேரடியாகப் பயன்படும் சங்கதி ஒன்று உண்டு. கொன்ராட் நார்மண்டியில் தொடங்கிய முறையின் வழிவந்ததுதான் இன்று நம் ஊரில் போர்வெல்லுக்கு இடம் பார்க்கும் மின்தடை ஆய்வு. நான்கு கம்பிகளை ஒரே நேர்கோட்டில் ஊன்றி, வெளிக்கம்பிகள் இரண்டில் மின்சாரத்தைச் செலுத்தி, உள்கம்பிகளில் அளப்பதற்கு ‘ஷ்லம்பர்ஜர் முறை’ என்றே பெயர். வெளிக்கம்பிகளை நகர்த்தி நகர்த்தி வைத்தால் இன்னும் ஆழம் தெரியும். கடினப் பாறைக்குள் நீர் தங்கிய விரிசல் இருந்தால் மின்தடை குறையும். இது நூற்றுக்கு நூறு சொல்லிவிடாது, உப்பு நீரும் களியும் ஏமாற்றும். ஆனாலும் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். அடுத்து போர் போடுவதாக இருந்தால் லாரியைக் கூப்பிடும் முன் இந்த ஆய்வைச் செய்யுங்கள். அளந்தவரிடம் அளவுத் தாளையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.