குழந்தை முனை

கடலைப் பாடாத புலவர் நம்மிடையே இல்லை. ஆனால், கடலை வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? கீழைக்கரை ஊர் ஒன்றிலே பிறந்து, முப்பத்திரண்டு ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு இக்கேள்வி சென்ற ஆடி மாதத்திலேதான் உறைத்தது. உறைக்க வைத்தவை இரண்டு. ஒன்று, அறுகம்பைக் கடல். மற்றது, ஒருகாலத்தில் என்னிடம் படித்துச் சாதாரண தரப் பரீட்சையிலே புவியியற் பாடத்தில் தேறாது போன ஒரு மாணவன்.

உகந்தை மலை முருகனின் ஆடி விழாவுக்கு நான் புறப்பட்டபோது, என் தமக்கையின் மகனும் உடன் வந்தான். பேராதனையிலே படிக்கும் பிள்ளை, விடுமுறைக் காலம். முருகனிடத்து அவனுக்கும் பக்தி உண்டுதான். எனினும், திரும்பும் வழியில் பொத்துவிலுக்குத் தெற்கேயுள்ள உல்லையிலே நான்கு நாள் தங்கி அலைச்சறுக்குப் பழகவேண்டும் என்பதே அவனுடைய உள்ளக்கிடக்கை. பலகை ஒன்றிலே ஏறி நின்று, உடைந்து வரும் அலையின் முகத்தில் வழுக்கிச் செல்லும் இவ்விளையாட்டுக்காக உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் அறுகம்பைக்கு வருகின்றனர். இன்று நம்மவரும் இதிலே இறங்கியிருக்கின்றனர். 2018 ஆம் ஆண்டிலே பெண்களுக்கென்றே ஒரு கழகம் அவ்வூரில் தோன்றியமை குறிப்பிடத்தக்கது.

அங்கே பயிற்றுநனாக என்னை எதிர்கொண்டவன்தான் முன்னே சொன்ன மாணவன். “சேர்!” என்று ஓடிவந்து கையைப் பற்றிக்கொண்டான். கடற்காற்றிலே கறுத்து முறுகிய உடம்பு. பரீட்சைத் தாளிலே பெரும்பகுதியை வெறுமையாக விட்டு எழுந்துபோன அந்தப் பையனை அவன் முகத்திலே நான் தேடினேன்.

பாரும் மணலும்

அறுகம்பையின் தென்கோடியிலே ஒரு முனை கடலுக்குள் நீண்டிருக்கின்றது. அதன் அடியிலே கற்பாறையும் முருகைக் கல்லும் கலந்து கிடக்கின்றன. இத்தகைய கடலடித் திட்டைக் கடலோடிகள் ‘பார்’ என்பர். தெற்கிலிருந்து வரும் பேரலைகள் அப்பாரிலே தட்டி, வலப்புறமாக ஒழுங்காய்ச் சுருண்டு உடைகின்றன. ‘மெயின் பொயின்ற்’ என வழங்கும் அவ்விடம் தேர்ந்தவர்களுக்கு உரியது. அதற்கு உட்புறமாக, முனையின் மறைவிலே, அலை தணிந்து உடையும் ஓரிடம் உண்டு. அதற்கு ‘பேபி பொயின்ற்’ என்று பெயர். தமிழிலே குழந்தை முனை எனலாம். புதிதாய்ப் பழகுவோருக்கு அதுவே பள்ளிக்கூடம்.

பாரிலே உடையும் அலைக்கு ஒரு நற்குணம் உண்டு. மணல் இடம்பெயரும், ஆதலால் மணற்கரையிலே உடையும் அலை இன்று ஓரிடத்திலும் நாளை வேறோரிடத்திலும் உடையும். பாரோ பெயராதது. அலை உடையும் இடம் ஏறக்குறைய மாறாது. அருகே ஆழமான நீர்வழி ஒன்றும் பெரும்பாலும் இருக்கும்; அதன் வழியே அலையோடு மல்லாடாது உள்ளே செல்லலாம். மாறாத கரும்பலகையிலே பாடம் படிப்பது போன்றது இது. ஆனால், அந்தக் கரும்பலகை கல்லாலானது. ஒரு மீற்றர் உயர அலை ஏறத்தாழ 1.3 மீற்றர் ஆழத்திலே உடைந்துவிடும். விழுபவனுக்கும் கல்லுக்கும் இடையிலே உள்ள நீர் அவ்வளவே. ஆகவே, தலைகீழாய்ப் பாயாது உடலைத் தட்டையாக்கி விழவேண்டும். எழும்போது கைகளால் தலையை மறைத்துக்கொள்ள வேண்டும். பாரின்மேற் காலூன்றி நிற்கலாகாது. முதல் நாள் மாணவன் என் மருமகனுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இதுதான்.

முதலிரு நாட்களும் இனிதே கழிந்தன. கடல்நிலை முன்னறிவிப்பு, அலை உயரம் ஒரு மீற்றர், அலைக்கும் அலைக்கும் இடையே 8 விநாடி என்று காட்டியது. அதிகாலையிலே தரையிலிருந்து கடலை நோக்கிக் கச்சான் மெல்ல வீசியது. மட்டக்களப்புப் பகுதியார் கச்சான் என்று வழங்கும் இந்தத் தென்மேல் காற்று வயலைக் காயவைப்பது. ஆனால், கீழைக்கரையின் அலைக்கு அது நண்பன். உடைய வரும் அலையின் முகத்தை எதிரே தாங்கிப்பிடித்து வழவழப்பாக்குகின்றது. நண்பகலை அண்டிக் கடற்காற்று எழுந்ததும் நீர்ப்பரப்புக் கசங்கிப் போய்விடும். “பத்து மணிக்குள்ள பள்ளிக்கூடம் முடிஞ்சிரும் சேர்” என்று மாணவன் சிரித்தான்.

மூன்றாம் நாள்

இரண்டாம் நாள் மாலையிலே அவன் கையடக்கத் தொலைபேசியைப் பார்த்துவிட்டு, “நாளைக்கு வேணாம் சேர்” என்றான். நானும் வாங்கிப் பார்த்தேன். அலை உயரம் 1.2 மீற்றர் என்றிருந்தது. ஒரு சாண் வித்தியாசத்துக்கா இத்தனை அச்சம் என்று எண்ணினேன்.

“உயரத்தைப் பாக்காதீங்க சேர். விநாடியைப் பாருங்க. பதினாறு.”

மறுநாட் காலை நானும் மருமகனும் கரைக்கு வந்தபோது மாணவன் இன்னும் வந்திருக்கவில்லை. கடல் குளம்போலக் கிடந்தது. “மாமா, பாருங்கோ, ஒரு அலையும் இல்லை. அவர் வாறதுக்கு முன்னம் ஒருக்கா இறங்கிப் பாக்கட்டே?” என்று கேட்டான். அனுமதி என் கையில் இருந்தது. நேற்றைய அறிவுரையை விட என் கண்ணுக்குத் தெரிந்த கடலே எனக்குப் பெரிதாய்ப் பட்டது. “போ” என்றேன்.

பத்து நிமிடம் சென்றிருக்கும். முனைக்கு அப்பாலே கரிய கோடு ஒன்று எழுந்தது. அதன் பின்னே இன்னொன்று. அதன் பின்னே மற்றொன்று. குழந்தை முனையில் அதுவரை நான் கண்டிராத உயரத்திலே முதல் அலை வளைந்தது. பலகை மேலே பறந்தது, பிள்ளையைக் காணவில்லை. நான் கரையிலே நின்று கத்தியது என் காதுக்கே கேட்கவில்லை.

எங்கிருந்தோ ஓடிவந்த மாணவன் நேரே அலைக்குள் பாயவில்லை. பாரின் பக்கத்திலுள்ள நீர்வழியாற் பலகையைச் செலுத்திச் சென்று, அங்கே காத்திருந்தான். ஆம், காத்திருந்தான்! அந்தக் கணங்களிலே அவனை நான் சபித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஐந்தாவது அலை கடந்ததும் உட்புகுந்து, கல்லிலே மோதித் தள்ளாடிக்கொண்டிருந்த என் மருமகனைப் பலகையில் ஏற்றிக் கொணர்ந்தான். தோளிலும் முழங்காலிலும் ஆழ்ந்த வெட்டுக்கள். வைத்தியசாலையிலே ஏழு தையல்கள் இட்டனர். தலை தப்பியது தெய்வச் செயல்.

எண்களின் பொருள்

அன்றிரவு உறக்கம் வரவில்லை. தாளும் பேனாவும் எடுத்துக் கணக்கிடலானேன். நான் கற்பித்த பாடம் அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

தென் அகலக்கோடு 40 பாகைக்கு அப்பால், நிலத்தடை அரிதான பெருங்கடலிலே மேல்காற்று ஓயாது வீசுகின்றது. ‘முழங்கும் நாற்பதுகள்’ என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதினேன். அப்புயல்கள் எழுப்பும் அலை, என் வீட்டு வாசலிலே வந்து உடைகின்றது என்பதை ஒருநாளும் எழுதினேனல்லேன். 45 பாகையிலிருந்து பொத்துவில் வரை ஏறத்தாழ 5,800 கிலோமீற்றர். பதினாறு விநாடி ஆவர்த்தன காலமுள்ள அலைக்கூட்டம் மணிக்கு 45 கிலோமீற்றர் வேகத்திலே செல்லும். அன்று என் மருமகனைத் தூக்கி எறிந்த அலை, நாங்கள் வீட்டைவிட்டுப் புறப்படுமுன்னரே, ஐந்தாறு நாட்களுக்கு முன்பு அங்கே பிறந்து பயணம் தொடங்கியிருக்க வேண்டும்.

இவ்வலைகளின் பயணத்தை அறிஞர் அளந்திருக்கின்றனர். இரண்டாம் உலகப் போரிலே, 1944 இல் நேச நாட்டுப் படைகள் நோர்மண்டிக் கரையில் இறங்குவதற்கு அலை முன்னறிவிப்பு முறையை வகுத்தவர்கள் ஹரால்ட் சுவேர்ட்றப், வால்ற்றர் மங்க் என்னும் இருவர். அதே மங்க் 1963 இல் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை அளவை நிலையங்களை அமைத்து, தென்கடற் புயலின் அலைகள் பசிபிக் சமுத்திரத்தைக் குறுக்கறுத்து வடகரை சேர்வதைக் காட்டினார். இன்று ஒரு கையடக்கத் தொலைபேசியிலே பையன்கள் பார்க்கும் இரண்டு எண்களுக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு உண்டு.

அவ்விரு எண்களுள் முதலாவது உயரம். முன்னறிவிப்பு ‘ஒரு மீற்றர்’ என்றால் எல்லா அலையும் ஒரு மீற்றர் என்பதன்று. வரும் அலைகளுள் உயர்ந்த மூன்றிலொரு பங்கின் சராசரியே அது. அதன் இரு மடங்குக்குக் கிட்டிய தனியலை ஒன்றும் இடையே வரலாம்.

இரண்டாவது எண் விநாடி. அலை சுமந்துவரும் ஆற்றலானது உயரத்தின் வர்க்கத்தையும் விநாடியையும் பெருக்கிய அளவிலே வளர்கின்றது. முதல் நாள் ஒரு மீற்றர், 8 விநாடி: பெருக்கம் 8. மூன்றாம் நாள் 1.2 மீற்றர், 16 விநாடி: பெருக்கம் 23. உயரம் ஐந்திலொரு பங்கே கூடியது. ஆற்றலோ ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று.

அதனினும் முக்கியமானது ஒன்று. எட்டு விநாடி அலையின் நீளம் ஆழ்கடலிலே 100 மீற்றர். பதினாறு விநாடி அலையின் நீளம் 400 மீற்றர். தன் நீளத்திற் பாதியளவு ஆழத்திற்கு வந்ததும் அலை அடித்தளத்தை உணரத் தொடங்கும். குறுகிய அலை 50 மீற்றர் ஆழம் வரும்வரை எதையும் உணராது நேரே போய்விடும். நெடிய அலையோ 200 மீற்றர் ஆழத்திலேயே தரையைத் தடவி, வேகம் தளர்ந்து, வளையத் தொடங்கிவிடும். ஆகவே, முனையின் மறைவைச் சுற்றி வளைந்து உட்புகும் வலிமை அதற்கு மிகுதி. எட்டு விநாடி அலைக்குக் கதவடைக்கும் அதே முனை, பதினாறு விநாடி அலைக்கு வழிவிட்டுவிடுகின்றது. குழந்தை முனை அன்று குழந்தை முனையாக இருக்கவில்லை.

நெடுந்தூர அலைகள் கூட்டங் கூட்டமாய் வருவன. இரண்டு கூட்டங்களுக்கிடையே கால்மணி நேரமும் கடல் சும்மா கிடக்கலாம். நான் குளமென்று கண்டது அந்த இடைவேளையை. “அலை ஒண்டொண்டா வராது சேர். ஓய்ஞ்சு கிடக்கக்குள்ளதான் இருபது நிமிசம் கரையில குந்திப் பாக்க வேணும்” என்று மாணவன் பின்னர் சொன்னான்.

அவன் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், எனக்கு நினைவு வந்தது. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் திகதி அவனுக்கு வயது பதின்மூன்று. ஆழிப்பேரலை வேறு, புயலலை வேறு; பிறப்பும் வேறு, பண்பும் வேறு. எனினும், அன்றும் கடல் ஒருமுறை மட்டும் ஏறவில்லை. முதல் நீர் வடிந்தது கண்டு, வீட்டிலே விட்டதை எடுக்கத் திரும்பிய அவன் தாயும் தம்பியும் மீளவில்லை. ‘ஏறிய கடல் மீண்டும் ஏறும்’ என்ற ஒரு வரியை நான் என் வகுப்பறையிலே சொன்னதில்லை. பாடத்திட்டத்திலே இல்லை என்பது பதிலாகுமா? புவியியலிலே தேறாதவன் அவனா, நானா?

பருவமும் நாழிகையும்

பழக விரும்புவோருக்குச் சில சொல்லலாம். கீழைக்கரையிலே இவ்விளையாட்டுக்கான பருவம் சித்திரை வைகாசியிலே தொடங்கி ஐப்பசி வரை செல்லும். தென்கடற் புயல்கள் வலுக்கும் ஆனி முதல் ஆவணி வரை அலை மிகுதி. கற்றுக்குட்டிகள் விநாடியைக் கவனித்தே இறங்கவேண்டும். கார்த்திகை பிறந்தால் வாடைக்காற்று கரையை நோக்கி வீசும், மழைநீர் கலங்கி வரும், கடல் ஒழுங்கிழக்கும். அப்போது பழகுவோர் தென்கரையிலுள்ள வெலிகம போன்ற மணற்குடாக்களை நாடுவர். வற்றுப்பெருக்கு நம் நாட்டிலே ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆயினும் பாரின்மேல் அச்சிறு வேறுபாடே காயத்துக்கும் சுகத்துக்கும் இடையிலுள்ள தூரம். வற்றிலே இறங்காதிருத்தல் நன்று. வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்புகளுக்கென வெளியிடும் காற்று எச்சரிக்கைகளையும் தவறாது கேட்கவேண்டும். எளிய அலையுள்ள இடம் என்று ஒன்று இல்லை; எளிய நாழிகை உண்டு. பெயர்ப் பலகையை நம்புவோன் இடத்தைப் பார்க்கின்றான். கடலை வாசிப்போன் நாழிகையைப் பார்க்கின்றான்.

நான்காம் நாட் காலை கட்டுப்போட்ட தோளுடன் மருமகன் மணலிலே அமர்ந்திருந்தான். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, முனையிலே எழுந்த முகடுகளை எண்ணினேன். முதல் முகட்டிலிருந்து பதினோராவது முகடு வரை 130 விநாடி. பத்தால் வகுத்தால் 13. “இன்னும் இறங்கேலாது, என்ன?” என்று மாணவனைக் கேட்டேன். “இன்னும் ரெண்டு நாள் போகட்டும் சேர்” என்றான்.

கரையோரப் பாடசாலைகளிலே கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை ஒருநாள் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். இருபது நிமிடம் சும்மா இருத்தி, அலைகளை எண்ணச் சொல்லுங்கள். கடிகாரம் ஒன்று போதும். பாடத்திட்டத்திலே இடமில்லையெனில், பாடவேளை முடிந்தபின் செல்லுங்கள்.