தொடர்ப்பொருள் மயக்கமும் பிழைபட்ட முடிபும்: வித்துராக் காணிகள் பற்றிய வழக்கு

1. தோற்றுவாய்

ஒரு தொடர் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களுக்கு இடந்தருவதைப் பொருள் மயக்கம் என்பர். சொல்லால் விளையும் மயக்கத்தைக் கேட்போர் எளிதில் உணர்கின்றனர். 'மா' என்பது மரமா விலங்கா என்பதை இடமே காட்டிவிடும். இலக்கண அமைப்பால் விளையும் மயக்கம் அத்தகையதன்று. தமக்கு முதலில் தோன்றிய பொருளையே தொடரின் ஒரே பொருளாகக் கொள்ளும் கேட்போர், பிறிதொரு பொருள் உண்டு என்பதையும் அறியாமல் அதன்மேல் ஒரு முடிபைக் கட்டிவிடுகின்றனர். முடிபு பிழைபடும்போது பிழை சிந்தனையில் தேடப்படுகிறது, தொடரில் தேடப்படுவதில்லை.

'யார்', 'எத்தனை பேர்' என்னும் வினாக்களுக்குத் தொடர் தெளிவான விடை தராதபோது எழும் மயக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. திருவனந்தபுரம் மாவட்டம் வித்துராவில் 1995இல் எழுந்த ஒரு வழக்கு இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. எண்ணிட்டுக் காட்டப்படும் தொடர்கள் பகுப்பாய்வுக்காக அமைக்கப்பட்டவை. எவருடைய கூற்றுகளும் அல்ல.

2. மரபிலக்கணத்தில் பொருள் மயக்கம்

தமிழ் இலக்கண மரபு இச்சிக்கலைத் தொடக்கத்திலேயே கண்டுள்ளது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல் 'தடுமாறு தொழிற்பெயர்' என ஒன்றைக் குறிப்பிடுகிறது. உரையாசிரியர்கள் 'புலி கொல் யானை' என்பதை எடுத்துக்காட்டுவர். இது புலியைக் கொன்ற யானையையும் குறிக்கும். புலியால் கொல்லப்பட்ட யானையையும் குறிக்கும். வேற்றுமை உருபு தொக்கமையால் கொன்றது எது, பட்டது எது என்பது மறைகிறது. பின்வரும் சொல்லைக் கொண்டே பொருள் துணியப்படும். யானை ஓடிற்று என்றால் அது கொன்ற யானை. யானையின் கோடு வந்தது என்றால் அது பட்ட யானை.

எழுத்ததிகாரப் புணரியலும் எழுத்து வடிவில் ஒன்றாகவும் பொருளில் வேறாகவும் அமையும் புணர்ச்சிகளைக் கூறுகிறது. 'குன்றேறாமா' என்பதைக் 'குன்று ஏறா மா' எனவும் 'குன்று ஏறு ஆமா' எனவும் பிரிக்கலாம். இவை இசையால் வேறுபடும் என்றும், சொல்லுவோன் குறிப்பால் உணரப்படுமேயன்றி எழுத்தால் காட்டப்படா என்றும் தொல்காப்பியர் கூறுவது ஈண்டு நோக்கற்பாலது. பேச்சில் இசை மயக்கத்தைத் தீர்க்கிறது. எழுத்து அந்த இசையை இழந்துவிடுகிறது. வாய்மொழியாகச் சொல்லப்பட்டது ஆவணமாக எழுதப்படும்போது மயக்கம் பெருகுவதற்கு இது ஒரு காரணமாகும்.

3. வித்துரா வழக்கு

வித்துரா, நெடுமங்காடு வட்டத்தில் பொன்முடி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊராட்சி. வித்துரா, பெரிங்கமலை, குற்றிச்சல் முதலிய ஊராட்சிகளைச் சேர்ந்த காடுகளில் காணிக்காரர் என்னும் பழங்குடியினரின் குடியிருப்புகள் உள்ளன. காணிகள் எனவும் வழங்கப்படும் இவர்கள் தமிழகத்தின் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்ட மலைகளிலும் வாழ்கின்றனர். குடியிருப்பின் தலைவர் மூட்டுக்காணி எனப்படுவார். மருந்தறிவு பிலாத்தி எனப்படும் மருத்துவரிடம் மரபாக இருந்து வருவது.

1987இல் அனைத்திந்திய இனவுயிரியல் ஆய்வுத் திட்டத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அகத்திய மலைப் பகுதியில் காணி வழிகாட்டிகள் சிலருடன் பயணம் செய்தனர். வழிகாட்டிகள் ஒரு செடியின் காய்களை உண்டு களைப்பின்றி நடந்தனர்; ஆய்வாளர்களுக்கும் கொடுத்தனர். டிரைக்கோப்பஸ் சைலானிக்கஸ் என்னும் தாவரப்பெயர் கொண்ட அச்செடி பின்னர் 'ஆரோக்கியப்பச்சை' எனப் புகழ்பெற்றது. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் அதனையும் வேறு சில மூலிகைகளையும் கொண்டு 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் அதனைச் செய்து விற்கும் உரிமை கோயம்புத்தூர் ஆரிய வைத்தியப் பார்மசிக்கு ஏழாண்டுகளுக்கு வழங்கப்பட்டது. உரிமத்தொகை 10 இலட்சம் ரூபாய். விற்பனையில் 2 விழுக்காடு உரிமைப்பங்கு. இவற்றிற் பாதியைக் காணிகளுக்கு அளிக்க நிறுவனம் முன்வந்தது. தொகையைப் பெறுவதற்காகக் கேரளக் காணிச் சமுதாய நல அறக்கட்டளை 1997இல் பதிவு செய்யப்பட்டது. 1999இல் தொகை அதனிடம் சேர்ந்தது. இந்திய உயிரியப் பன்மைச் சட்டம் இயற்றப்பட்டது 2002இல். சட்டம் வருவதற்கு முன்பே செய்யப்பட்ட இப்பகிர்வு உலக அளவில் முன்மாதிரியாகப் பேசப்பட்டது.

ஆயின் 1995 செப்டம்பரில் வித்துரா ஊராட்சிப் பகுதியைச் சேர்ந்த பிலாத்திகள் ஒன்பதின்மர், தம் அறிவு தனியார் நிறுவனங்களுக்கு விற்கப்படுவதை எதிர்த்துக் கேரள முதலமைச்சருக்கு மடல் எழுதினர். ஆய்வு நிறுவனம் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது குற்றிச்சல் பகுதிக் காணிகளுடன். அவர்கள் ஏற்பாட்டைப் பெரிதும் வரவேற்றனர். வித்துரா, பெரிங்கமலைப் பகுதிகளில் மனக்குறை நிலவியது. காணிகள் ஒப்பினர் எனவும், ஒப்பவில்லை எனவும் இருவகையாகவும் கூறத்தக்க நிலை இவ்வாறு உருவாயிற்று. இவற்றுள் ஒன்று மெய்யாயின் மற்றது பொய்யாதல் வேண்டும் என்று கருதுவதே இயல்பு. அக்கருத்து சரிதானா என்பதை இலக்கணம் கொண்டு ஆராயலாம்.

4. தொடர்களின் பகுப்பாய்வு

4.1 அளவு காட்டாப் பன்மை

(1) காணிகள் பச்சையை உண்பர்.
(2) காணிகள் பச்சையை ஆய்வாளருக்குக் காட்டினர்.
(3) காணிகள் ஒப்பினர்.

மூன்று தொடர்களிலும் எழுவாய் ஒன்றே. பயனிலை காட்டும் பன்மையும் ஒன்றே. எனினும் (1) இனத்தின் வழக்கத்தைக் கூறுகிறது. சிலர் உண்ணாவிடினும் அது பொய்யாவதில்லை. (2) ஒருமுறை நடந்த செயலைக் கூறுகிறது. அதற்கு மூவர் போதும். எத்தனை பேர் காட்டினாலும் காட்டப்பட்ட செடி ஒன்றே. (3) இவ்விரண்டிற்கும் இடையில் நிற்கிறது. சிலர் ஒப்பினர் என்றும் இனம் ஒப்பியது என்றும் அது பொருள்படும். ஒப்புதலோ பச்சையைக் காட்டுவது போன்ற செயல் அன்று; சிலருடைய ஒப்புதல் பிறருடைய ஒப்புதலாக ஆவதில்லை. தமிழில் அளவு குறிக்கும் சொல் எழுவாய்க்கு முன் வருதல் கட்டாயம் அன்மையால், மூன்று வேறு பொருள்கள் ஒரே வடிவம் பெறுகின்றன.

4.2 இனமுள்ள அடையும் இனமில் அடையும்

(4) மருந்தறிவு உடைய காணிகள் ஒப்பினர்.

இத்தொடரில் 'மருந்தறிவு உடைய' என்னும் அடை, காணிகளுள் ஒரு பகுதியினரைப் பிரித்துக் காட்டலாம். காணிகள் அனைவரையும் புகழவும் செய்யலாம். ஓர் அடை இனத்தைச் சுட்டி வருதலும் சுட்டாது வருதலும் மரபிலக்கணம் அறிந்த வேறுபாடே. இனம் சுட்டாத அடை செய்யுளுக்கு உரியதேயன்றி வழக்கிற்கு உரியதன்று எனத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. இவ்வரையறையின்படி (4) பிலாத்திகளை மட்டுமே குறித்தல் வேண்டும். அப்படியாயின் பிலாத்திகள் ஒன்பதின்மர் எதிர்த்து எழுதிய மடல் இத்தொடரின் மெய்ம்மையை நேரடியாகத் தாக்குகிறது. இன்றைய உரைநடையிலோ இனமில் அடை பெருகிவிட்டது. அதனைப் புகழ்ச்சியாக மட்டும் படிப்போர்க்கு, மருந்தறிவுடையோர் யாவர் என்னும் வினாவே எழுவதில்லை.

4.3 முற்றும்மையும் எதிர்மறையும்

(5) காணிகள் எல்லாரும் ஒப்பவில்லை.

இதற்கு இரு பொருள் உண்டு. ஒருவரும் ஒப்பவில்லை என்பது ஒன்று. ஒப்பினோர் சிலர், ஒப்பாதோர் சிலர் என்பது மற்றொன்று. 'உம்' இடைச்சொல்லின் எண்வகைப் பொருளைக் கூறும் தொல்காப்பிய இடையியல், முற்றும்மை எச்சமாக வருதலும் உண்டு என்கிறது. நன்னூலும் இதனை உடன்படும். பத்தும் கொடாதே என்றால் ஒன்றும் கொடாதே எனவும் கொள்ளலாம்; சில கொடு எனவும் கொள்ளலாம். எதிர்மறையின் வீச்சு முற்றும்மையை உள்ளடக்குகிறதா, அதற்கு உள்ளே நிற்கிறதா என்பதே இங்கு வேறுபாடு. 'மின்னுவதெல்லாம் பொன்னன்று' என்னும் வழக்கை எவரும் பிழைபட உணர்வதில்லை. மின்னும் பொன் உண்டு என்பதை உலகறிவு முன்னரே கற்பித்திருக்கிறது. காணிகளை அறியாத ஒருவர் (5)ஐப் படிக்கும்போது அத்தகைய துணை இல்லை.

மலையாளத்தில் வினைமுற்று பால், எண், இடம் காட்டுவதில்லை. எனினும் இம்மயக்கத்தைப் பொறுத்தவரை இரு மொழிகளும் ஒன்றே. 'எல்லாவரும் சம்மதிச்சில்ல' என்பதும் இருபொருள்படும். 'எல்லாவருமல்ல சம்மதிச்சது' என எதிர்மறையைப் பெயரோடு சேர்த்தால் மயக்கம் நீங்குகிறது. எனவே மயக்கத்தின் வேர் வினைமுற்றின் வடிவத்தில் இல்லை. எதிர்மறை நிற்கும் இடத்தில் உள்ளது.

4.4 கூட்டும் தனியும்

(6) தொகையிற் பாதி காணிகளுக்கு உரியது.

காணிகள் என்னும் தொகுதிக்கா, காணி ஒவ்வொருவர்க்குமா என்பதை நான்காம் வேற்றுமை உருபு காட்டாது. 'அவர்களுக்குப் பத்து ரூபாய் கொடு' என்பதற்கும் 'அவர்களுக்குப் பத்துப்பத்து ரூபாய் கொடு' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறுவரும் அறிவர். எண்ணுப்பெயர் அடுக்கி வரும்போது தனித்தனிப் பொருள் தெளிவாகிறது. அடுக்காதபோது பெரும்பாலும் கூட்டுப்பொருளே கொள்ளப்படுகிறது. (6)ஐக் கூட்டுப்பொருளில் கொண்டால் அறக்கட்டளையிடம் தொகையைச் சேர்ப்பதோடு கடமை முடிகிறது. தனிப்பொருளில் கொண்டால் அங்கேதான் தொடங்குகிறது. வித்துராவில் வாழும் ஒரு காணி தமக்கு ஒன்றும் வந்து சேரவில்லை என்றால், (6) பொய்யென்று அவர் கொள்வதும் மெய்யென்று பிறர் கொள்வதும் ஒருசேர நிகழக்கூடும்.

5. மயக்கத்திலிருந்து முடிபுக்கு

இதுகாறும் கண்ட மயக்கங்கள் தனித்தனியே சிறியவை. அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது பிழைபட்ட வாதம் உருவாகிறது. காணிகள் பச்சையைக் காட்டினர், ஆகவே அவ்வறிவு காணிகளுடையது, காணிகள் ஒப்பினர், ஆகவே காணிகளுக்குப் பங்கு வந்தது. இவ்வாதத்தில் 'காணிகள்' என்னும் எழுவாய் மாறவே இல்லை. ஆனால் முதலில் அது வழிகாட்டிகள் சிலர்; அடுத்து ஓர் இனம்; அதனை அடுத்துக் குற்றிச்சல் பகுதியினர்; இறுதியில் ஓர் அறக்கட்டளை. எதிர்வாதமும் இவ்வாறே பிழைபடக்கூடும். பிலாத்திகள் ஒன்பதின்மர் எதிர்த்தனர் என்பதிலிருந்து காணிகள் எதிர்த்தனர் என்றும், அதிலிருந்து எவரும் ஒப்பவில்லை என்றும் செல்வது அதே படிகளில் மறுதிசையில் இறங்குவதாகும். 'காணிகள் ஒப்பினர்', 'காணிகள் ஒப்பவில்லை' என்னும் இரண்டும் 'சிலர்' என்னும் பொருளில் ஒருங்கே மெய்யாதல் கூடும். முரண் தொடர்களின் வடிவில் உள்ளது, நிகழ்வில் இல்லை.

இந்தியத் தருக்க நூலார் இப்பிழையை அறிந்திருந்தனர். நியாய சூத்திரம் 'சலம்' என்னும் போலி வாதத்தை மூவகைப்படுத்துகிறது. அவற்றுள் பொதுமைச் சலம் என்பது, ஓர் இனத்தைப் பற்றிப் பொதுவாகச் சொன்னதை அவ்வினத்தின் ஒவ்வொருவர் மேலும் ஏற்றுவது. அந்தணர் கற்றவராதல் இயல்பு எனக் கேட்டவர், அந்தணக் குலத்தில் பிறந்த கல்லாதவரையும் கற்றவரென வாதிடுவது உரைகாரர் காட்டும் சான்று. அரிஸ்டாட்டில் மொழியால் விளையும் போலி வாதங்களை ஆறு எனக் கணக்கிட்டு, சேர்த்துணர வேண்டியதைப் பிரிப்பதையும் பிரித்துணர வேண்டியதைச் சேர்ப்பதையும் தனித்தனி வகைகளாக வைத்தார். தமிழில் மணிமேகலையின் தருக்கப் பகுதியும் பக்கப்போலி, ஏதுப்போலி, எடுத்துக்காட்டுப் போலி எனப் போலிகளை வகுத்துரைக்கிறது. நியாய நூலார் கூறும் சலம் வாதத்தில் வெல்வதற்காக வேண்டுமென்றே செய்யப்படுவது. அறிக்கைகளிலும் செய்திகளிலும் நேர்வது பெரும்பாலும் அறியாமல் நேர்வது. எழுதுவோர் எவரும் பொய்யுரைக்க வேண்டியதில்லை. அளவுச்சொல் ஒன்றை விடுத்தாலே போதும்.

6. மயக்கம் நீக்கும் வழிகள்

மயக்கத்தைத் தோற்றுவிக்கும் மொழியே அதனை நீக்கும் கருவிகளையும் கொண்டுள்ளது. அவற்றுள் நான்கு சிறப்பாகக் குறிக்கத்தக்கவை.

(அ) ஒப்புதல், உரிமை, பங்கு பற்றிய தொடர்களில் எழுவாயோடு அளவுச்சொல் சேர்த்தல்: 'வழிகாட்டிகள் மூவர்', 'பிலாத்திகள் ஒன்பதின்மர்'.
(ஆ) முற்றும்மையோடு எதிர்மறை வினை வருதலைத் தவிர்த்து, 'ஒருவரும் ஒப்பவில்லை' எனவோ 'ஒப்பினோர் எல்லாரும் அல்லர்' எனவோ கூறுதல்.
(இ) இனமில் அடையைத் தனித் தொடராக்குதல்: 'காணிகள் ஒப்பினர், அவர்கள் மருந்தறிவு உடையவர்கள்'.
(ஈ) கூட்டா தனியா என்பதை 'ஒவ்வொருவர்க்கும்', 'பொதுவில்' முதலிய சொற்களாலும் எண்ணுப்பெயர் அடுக்காலும் தெளிவாக்குதல்.

சட்டத்தின் போக்கும் இவ்வழியைத் தழுவியுள்ளமை நோக்கத்தக்கது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மரபறிவின்மேல் சமுதாயத்திற்கு உள்ள உரிமையை ஏற்றுக்கொண்டு, முடிவெடுக்கும் இடத்தைக் கிராம சபைக்கு அளித்தது. 2012இல் திருத்தப்பட்ட அதன் விதிகள், சபைக் கூட்டத்திற்கு உறுப்பினருள் பாதிக்குக் குறையாதோர் வரவேண்டும் என்றும், வந்தோருள் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாமல் பெண்கள் இருத்தல் வேண்டும் என்றும் கூறுகின்றன. 'மக்கள் ஒப்பினர்' என்னும் தொடருக்கு எண்ணால் பொருள் வரையறுக்கும் முயற்சி இது. எத்தனை பேர் என்னும் வினாவிற்கு விடை கிடைத்த பின்னரே, ஒப்புதல் உண்டா இல்லையா என்னும் வினாவைப் பொருளோடு கேட்க இயலும்.

7. முடிவுரை

பொருள் மயக்கம் மொழியின் குறைபாடு அன்று. அளவுச்சொல் இன்றிப் பேச இயலாத மொழி அன்றாட வாழ்விற்குப் பெருஞ்சுமையாகும். பேசுவோரும் கேட்போரும் ஒரே சூழலில் இருக்கும்வரை, குறிப்பும் இசையும் மயக்கத்தைத் தீர்த்துவிடும். காட்டுவழியில் காய்களைக் கொடுத்தவர்க்கும் பெற்றவர்க்கும் இடையே எவர் கொடுத்தார் என்பதில் ஐயம் எழவில்லை. அச்செய்தி காட்டிலிருந்து ஆய்வறிக்கைக்கும், ஆய்வறிக்கையிலிருந்து ஒப்பந்தத்திற்கும், ஒப்பந்தத்திலிருந்து உலக அரங்கிற்கும் சென்றபோது எழுவாய் மட்டும் உடன்சென்றது. அதன் அளவு வழியில் உதிர்ந்துவிட்டது. வித்துராவிலிருந்து எழுதப்பட்ட மடலை, விடுபட்ட அந்த அளவை மீண்டும் கேட்ட ஒரு வினாவாகவும் கொள்ளலாம். பழங்குடியினரின் அறிவு, நிலம், ஒப்புதல் ஆகியவை பற்றி எழுதப்படும் ஒவ்வொரு தொடரிலும் இவ்வினாவை எழுப்பிப் பார்ப்பது, மொழியியலார் சட்டத்துறைக்கும் சமூகவியலுக்கும் செய்யத்தக்க பயனுள்ள பணியாகும்.