காலியாகக் கிடக்கும் பல்கலைக்கழகம்: ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ நகரத்தில் மாணவர் சேர்க்கையைக் கூட்டுவது எப்படி?

மக்கள்தொகை கூடிவிட்டது, கஜானாவிலும் பணம் இருக்கிறது. ஆசை ஆசையாக ஒரு பல்கலைக்கழகத்தைக் கட்டியாச்சு. கட்டடத்தை கிளிக் செய்து பார்த்தால் 4,500 இடங்களில் சில நூறு பேர்தான் படிக்கிறார்கள். பராமரிப்புச் செலவு மட்டும் வாராவாரம் தவறாமல் கழிகிறது. ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ ஆடும் பலரும் ஒருநாள் வந்து நிற்கும் இடம் இது.

பின்லாந்தின் கொலோசல் ஆர்டர் நிறுவனம் உருவாக்கி, ஸ்வீடனின் பாரடாக்ஸ் இன்டராக்டிவ் 2015 மார்ச் 10 அன்று வெளியிட்ட விளையாட்டு இது. வீடுகள் அடுத்த நிலைக்கு உயர, நில மதிப்போடு குடியிருப்பவர்களின் படிப்பும் வேண்டும். அலுவலகங்களுக்கு ஆள் கிடைப்பதும் படிப்பைப் பொறுத்ததே. ஆக, சேர்க்கை சரிந்தால் நகரத்தின் வளர்ச்சியும் வரி வருமானமும் சேர்ந்தே தேங்கும்.

முதலில் பார்க்க வேண்டிய எண்

பலர் செய்யும் தவறு, இடம் காலியாக இருக்கும்போதே கல்வி பட்ஜெட்டை ஏற்றுவது. பட்ஜெட்டை ஏற்றினால் இடங்கள்தான் கூடும். ஆட்கள் வரமாட்டார்கள்.

கல்விக்கான தகவல் திரையைத் திறந்தால் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி, பல்கலைக்கழகம் மூன்றுக்கும் தனித்தனியாக இரண்டு எண்கள் தெரியும். ஒன்று, மொத்தம் எத்தனை இடங்கள். மற்றொன்று, படிக்கத் தகுதியுள்ளவர்கள் எத்தனை பேர். தகுதியுள்ளவர்கள் அதிகமாக இருந்தால் புதுக் கட்டடம் கட்டலாம். இடங்கள் அதிகமாக இருந்தால், சிக்கல் வேறெங்கோ இருக்கிறது.

அதே திரையில் சாலைகள் பச்சையாகத் தெரிவதும் குழப்பத்தைத் தரும். பச்சை நிறம் காட்டுவது, பள்ளி அருகில் இருப்பதால் வீடுகளுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியையும் நில மதிப்பையும்தான். பச்சை எட்டாத தெருவில் இருக்கும் பிள்ளையும் பள்ளியில் சேரலாம்.

ஒரு படி தவறினால் அவ்வளவுதான்

இந்த விளையாட்டில் படிப்பு ஓர் ஏணி. சிறுவர்கள் தொடக்கப்பள்ளிக்குப் போவார்கள். அதை முடித்தவர்கள் மட்டுமே பதின்ம வயதில் உயர்நிலைப்பள்ளிக்குப் போக முடியும். இரண்டையும் முடித்தவர்களுக்கே பல்கலைக்கழகக் கதவு திறக்கும். சிறுவயதில் பள்ளியில் இடம் கிடைக்காமல் வளர்ந்துவிட்டவர், பிறகு திரும்பி வந்து தொடக்கப்பள்ளியில் உட்கார முடியாது.

அதனால் இன்று பல்கலைக்கழகம் காலியாக இருப்பதற்கான காரணம், சில ஆட்ட வருடங்களுக்கு முன்பு தொடக்கப்பள்ளியில் இடம் போதாமல் இருந்ததாக இருக்கலாம். சாதாரண தொடக்கப்பள்ளியில் 300 பேருக்கும், உயர்நிலைப்பள்ளியில் 1,000 பேருக்கும்தான் இடம். ஒரே பள்ளியை வைத்துக்கொண்டு ஊரைப் பெருக்கிக்கொண்டே போனால், மேலே அனுப்ப ஆளே இருக்காது. பல்கலைக்கழகத்தை நிரப்பும் வேலை தொடக்கப்பள்ளியில்தான் தொடங்குகிறது.

எல்லோருக்கும் ஒரே வயது

இன்னொரு காரணம், வீட்டுமனைகளை மொத்தமாகத் திறந்துவிடுவது. புதிதாகக் குடியேறுபவர்களில் இளம் குடும்பங்களே அதிகம். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்தால், எல்லோரும் ஒன்றாகவே வயதாவார்கள். ஒரு கட்டத்தில் தொடக்கப்பள்ளிகளில் இடமே இருக்காது. கொஞ்ச காலம் கழித்து அதே பள்ளிகள் வெறிச்சோடும். கடைசியில் எல்லோரும் ஒரே சமயத்தில் இறந்து, இடுகாடுகள் திணறும். ஆடுபவர்கள் இதை ‘மரண அலை’ என்கிறார்கள்.

தீர்வு எளிது. குடியிருப்புப் பகுதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுத் திறக்க வேண்டும். வயது கலந்திருந்தால் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை மாணவர் வரத்து சீராக இருக்கும்.

வேலையா, படிப்பா?

தகுதியுள்ள இளைஞர்கள் இருந்தும் பல்கலைக்கழகம் நிரம்பவில்லையா? அவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். வேலை இல்லாத இளைஞருக்கு முன்னால் வேலை, கல்லூரி என இரண்டு வழிகள் இருக்கும். எது முதலில் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வார். வேலையில் சேர்ந்தவர் அதை விட்டுவிட்டுப் படிக்கக் கிளம்புவதில்லை. ஊரில் காலிப் பணியிடங்கள் குவிந்து கிடந்தால் வகுப்பறை காலியாவது இயல்புதான்.

இதற்காகவே ‘எஜுகேஷன் பூஸ்ட்’ என்ற கொள்கை விளையாட்டில் இருக்கிறது. இதை அமல்படுத்தினால், கல்லூரிக்குத் தகுதியானவர்களில் ஒரு பகுதியினர் வேலை தேடாமல் படிப்புக்காகக் காத்திருப்பார்கள். சேர்க்கை உயரும். ‘ஸ்கூல்ஸ் அவுட்’ கொள்கை இதற்கு நேர் எதிரானது, இளைஞர்களை வேலையின் பக்கம் தள்ளும். அதைத் தெரியாமல் ஆன் செய்து வைத்திருக்கிறோமா என்றும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

2019 மே மாதம் வந்த ‘கேம்பஸ்’ கூடுதல் தொகுப்பை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அதில் தொழிற்கல்லூரி, கலைக்கல்லூரி, பல்கலைக்கழகம் என மூன்று வகை வளாகங்கள் உண்டு. வளாகத்தின் நற்பெயர் உயர மாணவர் எண்ணிக்கையும் ஒரு நிபந்தனை. அந்த எண்ணிக்கை வராவிட்டால் அடுத்த நிலைக் கட்டடங்கள் பூட்டியே கிடக்கும்.

எல்லோரும் படித்துவிட்டால்?

சேர்க்கையைக் கூட்டிவிட்டு அத்தோடு விட்டுவிடவும் முடியாது. விவசாயம், வனத்தொழில் மற்றும் ஆரம்ப நிலைத் தொழிற்சாலைகளுக்கு அதிகம் படிக்காத தொழிலாளர்கள் வேண்டும். பட்டதாரிகள் அந்த வேலைக்குப் போகவே மாட்டார்கள் என்றில்லை, ஆனால் தயங்குவார்கள். ‘போதிய பணியாளர் இல்லை’ என்ற குறியீடு ஆலைகளின் மேல் வரிசையாக முளைக்கும். கவனிக்காமல் விட்டால் ஆலைகள் மூடப்படும், வரியும் போகும்.

அதனால் பட்டதாரிகள் வெளியே வருவதற்கு முன்பே அலுவலகப் பகுதிகளை ஒதுக்கித் தயாராக வைப்பதுதான் புத்திசாலித்தனம். கல்லூரி வாசலில் பேருந்தோ மெட்ரோவோ நிற்பதும் அவசியம். மாணவர்கள் தினமும் வீட்டிலிருந்து வந்து போவதால், நிரம்பிய பல்கலைக்கழகம் சுற்றியுள்ள சாலைகளையும் நிரப்பும்.

அடுத்த முறை பல்கலைக்கழகம் காலியாகத் தெரிந்தால் உடனே இடித்துவிட வேண்டாம். முதலில் தொடக்கப்பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இடமில்லாமல் நிற்கிறார்கள் என்று பாருங்கள். நாளைக்குக் கல்லூரிக்கு வர வேண்டியவர்கள் அவர்கள்தான்.