பொட்டைக் குட்டி என்றால் வேண்டாமா?



நாய்க்குட்டி கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கடுவனா, பொட்டையா?" என்றுதான். குட்டிக்கு எத்தனை மாதம், ஊசி போட்டாச்சா, சோறு தின்னுதா என்பதெல்லாம் அப்புறம்தான். கடுவன் என்றால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பொட்டை என்றால், "வேண்டாம்க்கா, அது வருஷம் பூரா குட்டி போட்டுத் தள்ளிரும்" என்று நடையைக் கட்டிவிடுவார்கள்.

அப்படி வேண்டாம் என்று சொன்ன குட்டிகள் எங்கே போகின்றன? சாக்கில் போட்டுக் கட்டி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், குளத்துக் கரையில், வாய்க்கால் ஓரத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். நாய்க்குட்டிக்குக் கண் திறக்கவே பத்துப் பதினான்கு நாள் ஆகும். கண் திறக்காத குட்டியைக்கூடத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் விடுகிறார்கள். "எங்கேயாவது பிழைச்சுக்கிடும்" என்று மனசைத் தேற்றிக்கொள்கிறார்கள். தாய்ப்பாலும் சூடும் இல்லாத குட்டி எங்கே பிழைக்கும்?

'பொட்டை வேண்டாம்' என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் என்று ஒன்றை அரசாங்கமே கொண்டுவர வேண்டிய நிலைமை இருந்த மாநிலம் நம்முடையது. மனுஷப் பிள்ளையோடு நாயைச் சேர்த்துப் பேசலாமா என்று கோபப்படாதீர்கள். பெண்ணாய்ப் பிறந்ததே குற்றம் என்கிற அந்த நினைப்பு ஒன்றுதான் என்று சொல்ல வந்தேன்.

நாங்கள் இருப்பது தென்காசி மாவட்டம் கடையம். பாரதியாரின் மனைவி செல்லம்மாவின் ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். இரண்டு பிள்ளைகள், மாமியார், நான், மூன்று நாய்கள். மூன்றும் பொட்டைதான், மூன்றும் யாரோ விட்டுப் போனவைதான். ஆறேழு வருஷமாக இப்படிக் கிடைக்கிற குட்டிகளை எடுத்துத் தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவருகிறேன். இதற்காகச் சங்கமோ வசூலோ எதுவும் கிடையாது. வீட்டில் மிஞ்சுகிற சோறு, கோழிக்கடைக்காரர் தருகிற கால், ஈரல், அவ்வளவுதான் முதலீடு. ஊசிச் செலவை மட்டும் குட்டியை வாங்கிப்போகிறவர்களிடம் கேட்டு வாங்குவேன். ஓசியில் கிடைத்த பொருளுக்கு மதிப்பு இருக்காது, பாருங்கள்.

வீடு பார்த்துக் கொடுப்பதில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் ஒன்று உண்டு. குட்டியைத் தூக்கிப்போக வருகிறவர் ஆணாக இருப்பார். சோறு வைப்பது, மூத்திரம் துடைப்பது, ராத்திரி கத்தினால் எழுந்து பார்ப்பது எல்லாம் அந்த வீட்டுப் பெண். அவளைக் கேட்காமலே குட்டி வீட்டுக்குள் வந்துவிடும். எங்கள் தெருவில் ஒருவர் மகன் ஆசைப்பட்டான் என்று எங்கேயோ ஒரு குட்டி வாங்கி வந்தார். அவர் மனைவிக்கு அப்போது இடுப்பில் ஒரு பிள்ளை, அடுப்படியில் வேலை, படுக்கையில் மாமனார். பத்தாம் நாள் அந்தக் குட்டி தெருவில் நின்றது. தெருவே அந்த அம்மாவைத்தான் கல்நெஞ்சக்காரி என்றது. அவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தார்களா? அதனால், யார் குட்டி கேட்டு வந்தாலும், "வீட்டுல உள்ளவங்களக் கூட்டிட்டு வாங்கண்ணே, அவங்க கையிலதான் கொடுப்பேன்" என்று சொல்லிவிடுவேன். சிலபேர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. மனைவியோ அம்மாவோ வந்து வாங்கிப்போன குட்டிகள்தான் நிலைத்திருக்கின்றன.

இன்னொன்றும் கேட்பேன். "ராத்திரி நாய் எங்கே படுக்கும்?" எங்கள் ஊர் மேற்கு மலைத்தொடரின் அடிவாரம். 1988-ல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் பக்கத்திலேயே இருக்கிறது. மலையடிவாரத்து ஊர்களுக்கும் தோப்புகளுக்கும் ராத்திரியில் சிறுத்தை இறங்கி வரும். ஆட்டையும் நாயையும் தூக்கிக்கொண்டு போய்விடும். தோப்பில் காவலுக்குச் சங்கிலியில் கட்டிப்போட்ட நாய் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. அதனால் தோப்புக் காவலுக்கு என்று கேட்பவர்களிடம், ராத்திரி நாயை அடைக்கக் கதவு போட்ட அறை இருந்தால்தான் தருவேன் என்று சொல்லிவிடுவேன்.

இனி பொட்டைக் குட்டி விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம் என்கிறவர்கள் சொல்கிற காரணமும் பொய் இல்லை. ஏறக்குறைய வருஷத்துக்கு இரண்டு தடவை அது பருவத்துக்கு வரும். அப்போது தெருவில் உள்ள கடுவன் எல்லாம் வாசலில் நின்று சண்டை போடும். சினையானால் அறுபத்துமூன்று நாள் வாக்கில் குட்டி போடும். ஒரு ஈற்றுக்கு ஐந்து என்று வைத்தாலும் வருஷத்துக்குப் பத்துக் குட்டி. அதில் பாதி பொட்டை. பத்துக்கு வீடு தேட யாரால் முடியும்? நான் வருஷம் முழுக்க அலைந்து நாலு குட்டிக்கு வீடு பார்த்தால், ஒரே ஒரு தாய் நாய் அதைவிட அதிகமாகப் போட்டுவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலைதான்.

அந்த ஓட்டையை அடைக்க வழி கருத்தடை ஆபரேஷன். ஆறு மாதம் ஆனதும் கால்நடை டாக்டரிடம் காட்டி, எப்போது செய்யலாம் என்று கேட்டுக்கொள்ளலாம். இந்த வசதி எல்லா மருந்தகத்திலும் இருக்காது. முதலிலேயே விசாரித்துக்கொண்டு போவது நல்லது. நாயை டவுன் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், ஆட்டோதான் பிடிக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி முதல் ஆகாரம் கொடுக்கக்கூடாது என்பார்கள். டாக்டர் சொன்னபடி செய்யுங்கள். ஆபரேஷன் முடிந்து பத்து நாள் தையலை நக்கவிடாமல், ஈரம் படாமல், வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் பருவத்துக்கும் வராது, வாசலில் கூட்டமும் கூடாது. வயதான பொட்டை நாய்க்கு வருகிற கர்ப்பப்பைச் சீழ் நோயும் வராது. சீக்கிரமே செய்துவிட்டால் மடியில் கட்டி வருவதும் வெகுவாகக் குறையும்.

எங்கள் வீட்டில் முதல் நாய்க்கு ஆபரேஷன் என்றதும் என் மாமியார், "வாயில்லாச் சீவனுக்கு இப்படிப் பண்ணுதது பாவம்ளா" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "அத்தை, எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணும்போது நீங்கதானே ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் கொண்டுவந்தீங்க? அப்ப பாவமாத் தெரியலியா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார்கள். தையல் பிரிக்கும்வரை அந்த நாய்க்குப் பருப்புச் சோறு பிசைந்து வைத்தது அவர்கள்தான். கருத்தடை என்றாலே நம் வீட்டுப் பெண்கள்தானே போய்ப் படுக்கிறோம்! நாய் விஷயத்தில் கடுவனுக்கும் செய்யலாம், அது சின்ன ஆபரேஷன்தான் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இது ஏதோ எனக்குத் தோன்றிய புது யோசனை இல்லை. சென்னையில் 1959-ல் வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள் கேப்டன் சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும். இருவரும் விமானம் ஓட்டியவர்கள். அந்தக் காலத்திலேயே விமானியான பெண்மணி உஷா சுந்தரம் என்பது நமக்கெல்லாம் பெருமை. அவர்கள் வீட்டில் தொடங்கியதுதான் புளூ கிராஸ் அமைப்பு. 1964-ல் பதிவு செய்யப்பட்டது. தெரு நாயைக் கொல்வதால் எண்ணிக்கை குறையாது, கருத்தடைதான் வழி என்று அவர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தார்கள். 1996-ல்தான் சென்னை மாநகராட்சி நாய்களைக் கொல்வதை நிறுத்திவிட்டு அந்த வழிக்கு வந்தது. நாடு முழுவதற்குமான விதிகள் 2001-ல் வந்தன. 2023-ல் புது விதிகள் வந்தன.

அதற்கும் நூறு வருஷம் முன்பு, 1860-ல் லண்டனில் மேரி டீல்பி என்ற பெண்மணி பட்டினி கிடக்கும் தெரு நாய்களுக்காக ஒரு இல்லம் தொடங்கினார். ஊரெல்லாம் கேலி செய்தது. இன்றைக்கு 'பேட்டர்சீ' என்று உலகம் அறிந்த இடம் அது. 1957 நவம்பர் 3-ல் ரஷ்யாக்காரர்கள் விண்வெளிக்கு அனுப்பிய லைகா, மாஸ்கோ தெருவில் திரிந்த நாய்தான். அதுவும் பொட்டைதான்! பாவம், அது உயிரோடு திரும்பவில்லை.

நாய்ப் பாசத்தில் நான் ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை நாய் துரத்தினால் தாய்க்கு எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். உச்ச நீதிமன்றமே 2025-ல் இதைப் பலமுறை விசாரித்தது. ஆகஸ்ட் 11-ல் டெல்லித் தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22-ல் அதை மாற்றி, கருத்தடையும் ஊசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் விடக்கூடாது என்றது. விரும்புகிறவர்கள் தத்தெடுக்கலாம், ஆனால் தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வரக்கூடாது என்றும் சொன்னது. நவம்பர் 7-ல் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களில் திரிகிற நாய்களை அப்புறப்படுத்தி, திரும்ப அங்கே விடாமல் காப்பகத்தில் வைக்க உத்தரவிட்டது. சட்டம் எப்படிப் போனாலும், வேண்டாத குட்டி பிறக்காமலே இருந்தால் நாய்க்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது.

வெறிநாய்க்கடி பற்றி ஒரு வார்த்தை. நோய் முற்றிவிட்டால் காப்பாற்ற வழி இல்லை; ஆனால் உடனே கவனித்தால் வராமலே தடுக்கலாம். கடித்தாலும் கீறினாலும், உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பாதீர்கள். மந்திரிக்கப் போகாதீர்கள். நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எங்கள் சின்ன வயதில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பயமுறுத்துவார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ம் நாள் என்று தவறாமல் போய்விட வேண்டும். கடி ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போடுவார்கள். வீட்டு நாய்க்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, வருஷா வருஷம் மறக்காமல் போட்டுவர வேண்டும்.

குட்டி வளர்க்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: எட்டு வாரம் ஆகுமுன் தாயைவிட்டுப் பிரிக்காதீர்கள். பூச்சி மருந்து கட்டாயம். மாட்டுப்பால் சில குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் கொடுக்கவே கூடாது. குழம்பு ஊற்றிப் பிசையாமல், உப்பு உறைப்பு இல்லாத சோற்றை வையுங்கள். வெந்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும். குட்டி சாப்பிடாமல் வாந்தி எடுத்து, ரத்தமாகப் போனால் அது 'பார்வோ' என்ற நோயாக இருக்கலாம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். இதற்கும் தடுப்பூசி உண்டு. ஆறேழு வாரத்திலேயே தொடங்கிவிடலாம். நாய் பன்னிரண்டு பதினைந்து வருஷம் இருக்கும். இன்று ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை கல்லூரி முடிக்கும்வரை நம்மோடு இருக்கப்போகிற உயிர் என்று நினைத்து முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பிறந்த நாள், கல்யாண நாள் என்று கேக்குக்கும் துணிக்கும் செலவழிக்கிறோம். இந்த வருஷம் தெருவில் நாலு வீட்டார் சேர்ந்து, உங்கள் வாசலிலேயே படுத்துக்கிடக்கிற ஒரு பொட்டை நாய்க்கு ஆபரேஷன் செலவைப் பங்குபோட்டுக்கொள்ளுங்களேன். தையல் ஆறும் பத்து நாளும் யார் வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொள்வது என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் ஊரில் இதைச் செய்தவர்கள் இருந்தால் எப்படிச் செய்தீர்கள், எவ்வளவு ஆயிற்று என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் எங்கள் தெருவில் இரண்டு நாய்களுக்குச் செய்வதாக இருக்கிறோம். உங்கள் யோசனை எங்களுக்கு உதவும்.

– ஒரு வாசகி, கடையம்.