இரத்தத்தில் ஆட்டிசத்தின் அடையாளம் தெரியுமா?

பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை திரும்புவதில்லை. வேண்டியதை விரல் நீட்டிச் சுட்டிக் காட்டுவதில்லை. “ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும், இவன் வாப்பாவும் அப்படித்தான்” என்று வீட்டுப் பெரியவர்கள் தேற்றுகிறார்கள். தாய்மார்களே, இப்பேச்சு உங்கள் செவியிலும் விழுந்திருக்கலாம். ஆறுதலிலேயே ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அமெரிக்காவிலும் பலருக்கு நான்கு வயதையொட்டியே ஆட்டிசம் உறுதி செய்யப்படுகிறது.

பிறருடன் பழகுவதிலும் கருத்தைப் பரிமாறுவதிலும் காணப்படும் இவ்வளர்ச்சி வேறுபாட்டை, லியோ கன்னர் என்னும் மருத்துவர் 1943-இல் 11 குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து விவரித்தார். இன்றும் அதுவே வழி. பிள்ளையின் நடத்தையைப் பார்த்தும் பெற்றோரை விசாரித்துமே மருத்துவர் முடிவுக்கு வருகிறார். சர்க்கரை நோய்க்கு இருப்பதுபோல் இதற்கும் ஓர் இரத்தப் பரிசோதனை கிடைத்தால்?

அத்தேடலின் பலன் ஒன்றை டெக்ஸாஸ் மாநில ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்டனர். ஆட்டிசம் உள்ள 76 சிறுவர்கள், இல்லாத 78 சிறுவர்கள் ஆகியோரின் இரத்தத்தில் 1,125 புரதங்களை அளந்து, கணினியின் துணையால் சலித்தெடுத்து, ஒன்பதை மட்டும் தேர்ந்தனர். அவ்வொன்பதையும் ஒருங்கே நோக்கியபோது, ஆட்டிசம் உள்ளோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 83 பேரையும், இல்லாதோரில் 82 பேரையும் சரியாக இனங்காண முடிந்தது.

கேட்கச் செவிக்கு இனிமைதான். ஆயினும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் குழந்தைகளில் 30 பேருக்கு ஆட்டிசம் என்று கொள்வோம். அவர்களில் 25 பேரை இப்பரிசோதனை கண்டுபிடித்துவிடும். எஞ்சிய 970 பேரிலோ, சுமார் 175 பேருக்கு இல்லாத ஒன்றை உண்டு என்று சொல்லிவிடும்! அந்த 175 உம்மாமார்களின் இரவுகளை எண்ணிப் பாருங்கள்.

மற்றொன்றும் உண்டு. ஆய்வுக்கு வந்தவர்கள் ஒன்றரை வயது முதல் எட்டு வயது வரையிலான சிறுவர்கள். அவர்களுள் ஆட்டிசம் உள்ளோர் ஏற்கனவே இனங்காணப்பட்டவர்கள். பெண் பிள்ளை ஒருத்தியும் இல்லை. தொட்டில் குழந்தையின் இரத்தம் என்ன சொல்லும் என்பதை இவ்வாய்வு ஆராயவில்லை.

ஆகவே, இரத்தத்தைப் பார்த்தே ஆட்டிசத்தை உறுதியாகச் சொல்லிவிடுவோம் என்று எவரேனும் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். அதற்காக, பரிசோதனை வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 18, 24 மாதங்களில் எல்லாக் குழந்தைகளையும் இதற்காகச் சோதித்துப் பார்க்கும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. ஊசி தேவையில்லை, பெற்றோர் விடையளிக்கும் வினாத்தாள் ஒன்றே முதற்படி. பேச்சு தாமதமானால் செவித்திறனையும் உடன் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காது கேளாத பிள்ளையும் அழைத்தால் திரும்புவதில்லை அல்லவா?