புஷ் மாற்றுமுன் கணக்குப் பாருங்கள்

பொருள் ஏற்றி இறக்கும் வாகனமும் வியாபாரத்தின் முதலீடுதான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை, பலர் பழைய வேன்களையும் சிறு லொறிகளையும் திருத்தித் திருத்தியே ஓட்டி வந்தனர். அவ்வாறு ஓடும் வாகனங்களில் பெரும்பாலும் கவனிக்கப்படாத பாகம் சஸ்பென்ஷன் புஷ் ஆகும்.

புஷ் என்றால் என்ன?

சில்லைத் தாங்கும் ஆர்ம், வாகனத்தின் உடலுடன் இணையும் இடத்தில் இருப்பதே புஷ். இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே ரப்பர் ஒட்டப்பட்டிருக்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது இந்த ரப்பர் முறுகி இடம் கொடுக்கும். பாதையின் அதிர்வையும் குறைக்கும்.

வெப்பத்தாலும் எண்ணெய்க் கசிவாலும் ரப்பர் வெடித்துத் தளர்ந்தால் சில்லு தனது கோணத்தில் நிற்காது. குழியில் விழும்போது 'டொக்' என்ற சத்தம், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுத்தல், டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்தல் ஆகியன இதன் அறிகுறிகள். புஷ்ஷை விட்டுவிட்டு டயரை மட்டும் மாற்றினால் புது டயரும் அதேபோல் தேயும். பாரத்துடன் கடுகண்ணாவை வளைவுகளில் இறங்கும்போது இது உயிர் சம்பந்தப்பட்ட விடயம்.

பொலியூரித்தேன் நல்லதா?

ரப்பரை விடக் கடினமான பொலியூரித்தேன் புஷ்களும் இப்போது விற்கப்படுகின்றன. இவை எளிதில் நசியாததால் வளைவில் வாகனம் உறுதியாக நிற்கும். எண்ணெய் பட்டாலும் இலகுவில் கெடுவதில்லை. ஆனால் அதிர்வும் சத்தமும் கூடும். உரிய கிறீஸ் இடாவிட்டால் கிரீச்சிடும். பல திசைகளில் அசைய வேண்டிய ஆர்மில் போட்டால் அசைவு இறுகி, போல்ட்டிலும் பிராக்கெட்டிலும் சுமை ஏறும்.

எனவே எல்லா இடத்திலும் போடுவது வீண் செலவு. விரும்பினால் ஸ்டெபிலைசர் பாரின் புஷ்களுடன் ஆரம்பிக்கலாம். சாதாரண விநியோக வாகனத்துக்குத் தரமான ரப்பர் புஷ்ஷே போதும். தளர்ந்த பழைய ரப்பரை அகற்றிப் புதிய ரப்பர் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

வாங்கும்போதும் பொருத்தும்போதும்

பஞ்சிகாவத்தைக்குப் போகுமுன் செஸி இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாவித்த ஆர்ம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதிலுள்ள புஷ்ஷும் பழையதே. புஷ் மட்டும் வாங்கிக் கூலி கொடுப்பதா, புதிய ஆர்மை முழுமையாக வாங்குவதா என்று இரண்டு விலையையும் ஒப்பிடுங்கள்.

சுத்தியலால் அடித்து ஏற்ற விடாதீர்கள். பிரஸ் உள்ள கராஜுக்குக் கொண்டு செல்லுங்கள். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, சில்லுகள் நிலத்தில் நின்று வாகனத்தின் பாரம் இறங்கிய பின்னரே இறுதியாக இறுக்க வேண்டும். ஜாக்கில் தூக்கியபடி இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலிருந்து விரைவில் கிழியும். இரு பக்கமும் ஒன்றாக மாற்றி, வீல் எலைன்மென்ட் செய்து, பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

உதிரிப்பாகம் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வாகனம் என்ன வேலைக்கு ஓடுகிறது என்று கேட்டுவிட்டுப் பொருளைக் கொடுங்கள். தேவையற்ற விலை கூடிய பொருளை ஒருமுறை விற்கலாம். பொருத்தமானதைக் கொடுத்தால் அந்த வாடிக்கையாளர் மறுபடியும் உங்கள் கடைக்கே வருவார்.