ரசம் சோறு மட்டும் போதுமா? காவல் நாய்க்குச் சைவ உணவு கொடுக்கும் முறை

புரட்டாசி பிறந்தால் பல வீடுகளில் கவிச்சி சமைப்பது நின்றுவிடும். கார்த்திகையில் மாலை போட்டவர் வீட்டில் மகரஜோதி வரை அதே நிலைதான். ஆண்டு முழுவதும் சைவம் சாப்பிடும் குடும்பங்களும் உண்டு. வீட்டில் என்ன சமைக்கிறோமோ அதைத்தான் வாசலில் கிடக்கும் நாயும் சாப்பிடுகிறது.

ஆடு வளர்ப்புப் பயிற்சிக்கு வந்த விவசாயி ஒருவர், பயிற்சி முடிந்ததும் தனியாக வந்து கேட்டார். "பட்டிக் காவலுக்கு ஒரு குட்டி எடுத்து வளர்க்கிறேனுங்க. நாலு மாசம் ஆகுது. முன்னங்கால் ரெண்டும் வில்லு மாதிரி வளைஞ்சுபோச்சு. ஓடவே மாட்டேங்குது. என்ன தீனி போடுறீங்கன்னு கேட்டா, சோறும் ரசமும்தான். நாங்க கவிச்சி சாப்பிடறது இல்ல. அதனாலதான் இப்படி ஆச்சா?"

கால்நடை மருத்துவர் பார்த்து, சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் போதாததால் வந்த எலும்புக் கோளாறு என்றார். ஆக, கறி போடாததுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கறியோடு வந்திருக்க வேண்டிய சத்தும் எலும்புக்கு வேண்டிய சத்தும் வேறு எந்த வழியிலும் குட்டிக்குக் கிடைக்கவில்லை. இந்த வேறுபாடு புரிந்தால், கறி சமைக்காத வீட்டிலும் நாயை நன்றாக வளர்க்கலாம்.

நாய்க்குச் சைவ உணவு செரிக்குமா?

செரிக்கும். நாய் ஓநாய் வழியில் வந்தாலும், மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்ததில் அதன் குடல் மாறிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்க அமைலேஸ் என்ற நொதி தேவை. அதைச் சுரக்கச் செய்யும் மரபணு ஓநாயில் இரண்டு பிரதிகள் மட்டுமே இருக்கிறது. நாயில் 4 முதல் 30 பிரதிகள் வரை இருக்கிறது. ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டறிந்து 2013-ல் வெளியிட்டார்கள். நம் ஊர் நாய் கம்மங்கூழையும் பழைய சோற்றையும் சாப்பிட்டு உயிர் வாழ்வதற்கு இதுவே காரணம்.

பூனைக்கு இது பொருந்தாது. பூனைக்குக் கட்டாயம் தேவைப்படும் டாரின் என்ற பொருள் இறைச்சி, மீன் போன்றவற்றில்தான் இயற்கையாக உண்டு. நாயின் உடல் அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடலால் தேவையான அளவு தயாரிக்க முடியாது. எனவே இங்கே சொல்லும் முறையைப் பூனையிடம் முயற்சிக்க வேண்டாம்.

வெறும் சோற்றில் என்ன குறை?

20 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1000 முதல் 1200 கலோரி தேவை. 300 கிராம் அரிசியை வடித்துப் போட்டால் 1050 கலோரி கிடைத்துவிடும். நாயின் வயிறு நிறையும். ஆனால் அந்த அரிசியில் உள்ள புரதம் 21 முதல் 24 கிராம்தான். வளர்ந்த நாய்க்கு 1000 கலோரிக்குக் குறைந்தது 45 கிராம் புரதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சங்கம் வைத்துள்ள அளவு. அதாவது சோறு மட்டும் போட்டால் பாதிதான் கிடைக்கிறது.

புரதம் தவிர வேறு நான்கு குறைகளும் உண்டு.

சுண்ணாம்புச் சத்து: அரிசியிலும் பருப்பிலும் மிகக் குறைவு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலும், அதிலுள்ள பைட்டேட் என்ற பொருள் ஒரு பகுதியை உடலில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும்.

வைட்டமின் டி: 'நாள் முழுக்க வெயிலில்தானே கிடக்கிறது' என்று பலர் நினைக்கிறார்கள். வெயில் பட்டால் மனிதத் தோலில் வைட்டமின் டி உண்டாகும். நாயின் தோலில் போதுமான அளவு உண்டாகாது. உணவில்தான் கொடுக்க வேண்டும்.

வைட்டமின் பி12: தானியம், பருப்பு, காய்கறி எதிலும் இல்லை. முட்டை, பால், தயிர், மீன், இறைச்சியில் இருக்கிறது.

துத்தநாகம்: தானியமும் பருப்பும் மிகுந்த உணவில் இதையும் பைட்டேட் தடுக்கும். குறைந்தால் வாய், கண் ஓரங்களிலும் பாதத்திலும் தோல் தடித்துப் பொருக்குத் தட்டும். பலர் இதைச் சொறி என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு நாளைக்கான உணவு

20 கிலோ எடையுள்ள, வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்குக் கீழ்க்கண்ட அளவு பொருந்தும். எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை.

1. அரிசி, கம்பு, கேழ்வரகு இவற்றில் ஒன்று அல்லது கலந்து – 180 கிராம் (சுமார் ஒரு டம்ளர்)
2. துவரம்பருப்பு, பாசிப்பருப்பு அல்லது தட்டைப்பயறு – 60 கிராம்
3. மீல்மேக்கர் – 30 கிராம்
4. முட்டை – 1, வேகவைத்தது
5. தயிர் – 100 கிராம்
6. பரங்கிக்காய், கேரட், முருங்கைக்கீரை போன்றவை – ஒரு கைப்பிடி
7. நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் – 2 தேக்கரண்டி
8. முட்டை ஓட்டுத் தூள் – அரைத் தேக்கரண்டி
9. அயோடின் கலந்த உப்பு – ஒரு சிட்டிகை

இதில் சுமார் 50 கிராம் புரதமும் 1150 கலோரியும் கிடைக்கும். 10 கிலோ நாய்க்கு இதில் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாகவும், 30 கிலோ எடையுள்ள ராஜபாளையம் போன்ற நாய்க்கு இதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகவும் கொடுக்கலாம். இரவெல்லாம் பட்டியைச் சுற்றும் நாய்க்குத் தானிய அளவைக் கொஞ்சம் உயர்த்தலாம்.

தானியம் மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு என்பது நம் இட்லி மாவின் கணக்குக்கு அருகில் வருவதைக் கவனித்திருப்பீர்கள். தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். பருப்பு நல்லது என்று அதையே அள்ளிப் போட வேண்டாம். பட்டாணி, பருப்பு வகைகள் மிகுந்த நாய்த் தீவனத்துக்கும் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அமெரிக்காவில் 2018-ல் அரசே விசாரணை தொடங்கியது. காரணம் உறுதியாக நிறுவப்படவில்லை என்றாலும், அளவோடு நிறுத்துவது நல்லது.

சமைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

• பருப்பு, பயறுகளை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கையால் மசியும் அளவுக்கு வேகவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிறு உப்பும், கழிச்சல் ஏற்படும்.
• மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து சேர்க்கவும். சோயா பயறாக இருந்தால் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் உள்ளது. வேகவைத்தால்தான் அது செயலிழக்கும்.
• முட்டை ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து வைத்துக்கொள்ளலாம். அளவுக்கு மேல் போட்டால் துத்தநாகம் உடலில் சேர்வது இன்னும் குறையும். இதற்குப் பதிலாக வெற்றிலைச் சுண்ணாம்பு போடக் கூடாது. அது வாயையும் குடலையும் புண்ணாக்கும்.
• உணவை ஒரே நாளில் மாற்றாமல், 7 முதல் 10 நாட்களில் பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து மாற்றவும். காலை, மாலை என இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கவும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

சோறு எப்படியும் வடிக்கிறோம். கூடுதலாகச் செலவாவது மீல்மேக்கருக்கும் ஒரு முட்டைக்கும்தான்.

முட்டையும் வேண்டாம் என்பவர்களுக்கு

தயிரை 200 கிராமாகவும் மீல்மேக்கரை 45 கிராமாகவும் உயர்த்தினால் புரதத்தைச் சரிக்கட்டலாம். ஆனால் வைட்டமின் டி-க்கு இது போதாது. பால், தயிரும் இல்லாத முழுத் தாவர உணவு என்றால் பி12-ம் கிடைக்காது. இந்த இரண்டையும் நாய்க்கான சத்து மருந்தாகக் கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவில் கொடுத்தே ஆக வேண்டும். நமக்கு வாங்கிய வைட்டமின் டி மாத்திரையை நாமே உடைத்துப் போடக் கூடாது. அளவு மீறினால் அதுவே நஞ்சாகிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

யாருக்குச் சைவ உணவு கூடாது?

குட்டி, சினை நாய், பால் கொடுக்கும் தாய் நாய் ஆகிய மூன்றுக்கும் வீட்டில் கலக்கும் சைவ உணவு ஒத்துவராது. குட்டியின் புரதத் தேவை வளர்ந்த நாயைவிடக் கால் பங்கு கூடுதல். சுண்ணாம்புச் சத்துத் தேவை அதைவிட அதிகம். சில வாரங்கள் குறைந்தாலே எலும்பு வளையும். குட்டிக்கு ஒரு வயது ஆகும் வரை முட்டை, மீன் அல்லது கோழிக்கறியை வேகவைத்துச் சேர்ப்பதும், குட்டிகளுக்கான முழுமைத் தீவனம் கொடுப்பதும் பாதுகாப்பானது. வீட்டுக்குள் கவிச்சி கூடாது என்றால், தோட்டத்துச் சாலையில் தனிப் பாத்திரத்தில் சமைத்துப் போடும் குடும்பங்கள் இருக்கின்றன. அதுவும் முடியாதவர்கள் குட்டியாக எடுக்காமல், வளர்ந்த நாயாகப் பார்த்து எடுப்பது நல்லது.

குழம்பு, ரசத்தைக் கலந்து போடலாமா?

நாம் மிச்சம் வைக்கும் குழம்பில்தான் சிக்கல் அதிகம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வதக்கினாலும் கொதிக்கவைத்தாலும் அந்தத் தன்மை போகாது. திராட்சை, உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். டார்டாரிக் அமிலமே அதற்குக் காரணம் என்று இப்போது கருதப்படுகிறது. அந்த அமிலம் புளியில் மிக அதிகம். ஒருநாள் ரசம் சோறு சாப்பிட்ட நாய்க்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். அதையே அன்றாட உணவாக்கக் கூடாது. பருப்பு வெந்ததும், தாளிப்பதற்கும் புளி ஊற்றுவதற்கும் முன்பே நாய்க்கு வேண்டியதைத் தனியாக எடுத்துவையுங்கள்.

தோட்டத்தில் இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, உரமாகப் போடும் ஆமணக்குப் புண்ணாக்கு. அதிலுள்ள ரிசின் என்ற நச்சு நாயைக் கொல்லும். மூட்டையை நாய் எட்டாத இடத்தில் வைத்து, வயலில் போட்டதும் மண்ணில் நன்றாகக் கலந்துவிடவும். மற்றொன்று, பூசணம் பிடித்த மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும். 'மாட்டுக்கு ஆகாது, நாய்க்குப் போடலாம்' என்று கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சு நாயின் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கும். வேகவைத்தாலும் அது அழியாது.

பச்சைக் கழிவுக் கறி வேண்டாம்

சத்துக்காக என்று, ஆடு அறுக்கும்போது ஈரல், நுரையீரல் கழிவைப் பச்சையாக நாய்க்கு வீசுவது வழக்கம். அதில் நீர்க்கட்டிகள் இருந்தால், நாயின் குடலில் அவை நாடாப்புழுவாக வளரும். அதன் முட்டை நாயின் சாணத்தோடு மேய்ச்சல் நிலத்தில் பரவி, ஆட்டுக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியை உண்டாக்கும். பச்சைக் கழிவைவிட, மேலே சொன்னபடி வேகவைத்த சைவ உணவு நாய்க்கும் நல்லது, உங்கள் மந்தைக்கும் நல்லது. கழிவை ஆழமாகப் புதைத்துவிடவும். நாய்க்குக் குடற்புழு நீக்கமும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியும் தவற வேண்டாம்.

உணவு போதுமா என்று எப்படித் தெரியும்?

விலாவில் கை வைத்துப் பாருங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. மாதம் ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் நின்று, உங்கள் எடையைக் கழித்துக் குறித்து வையுங்கள். எடை இறங்கினாலும், முதுகுச் சதை வற்றினாலும், முடி மங்கி உதிர்ந்தாலும், ஈறு வெளுத்தாலும் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். சத்து போதாத நாய் ஊர் சுற்றும், குப்பையைக் கிளறும், கோழியைத் துரத்தும். பிறகு பட்டியில் காவல் இருக்காது.

அந்த நாலு மாதக் குட்டிக்கு மருத்துவர் மருந்தும் உணவு அளவும் எழுதிக்கொடுத்தார். அடுத்த பயிற்சிக்கு வந்தபோது, குட்டி ஓடத் தொடங்கிவிட்டது என்றார் அந்த விவசாயி. ஆனால் வளைவு முழுதாக நிமிரவில்லை. வளரும் காலத்தில் விட்டதை முழுமையாகப் பின்னால் பிடிக்க முடியாது. இந்த ஆண்டு நீங்கள் குட்டி எடுப்பதாக இருந்தால், அதற்கு என்ன போடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு எடுங்கள்.